ஸ்டேசன் வாசலில் பதினைந்து பேருக்கான சாப்பாடு

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்துவிட்டுப் போன பெயர் டெல்ப்ற். அரசாங்கக் கடுதாசிகளிலும், குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும் பலகையிலும், சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர் வாயிலும் அந்தப் பெயர்தான். தீவுக்காரர் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீனலோசனியும் நாற்பத்திரண்டு வயதுவரை சொன்னதில்லை. பிறகு சொல்லவேண்டி வந்தது.

அவளுடைய தகப்பன் குருநாகலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்து, கைக்குழந்தையான இவளும் மனைவியுமாகத் தீவுக்குத் திரும்பி வந்து, அதன் பிறகு எந்தக் கடையும் வைக்காமலே செத்துப்போனார். சமைக்கிற பழக்கம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. மீனலோசனி கலியாணம் முடித்த மனிதர் புங்குடுதீவுப் பக்கம் ஒரு கடலட்டைப் பண்ணையில் காவல் நிற்கிறார். வாரத்துக்கு ஒருக்கால் வந்து, உடுப்புத் தோய்த்துக்கொண்டு போவார். மகள் சிவரூபி யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கிறாள். வீட்டில் மீனலோசனி தனிய.

தொழில் என்று அவள் செய்தது, காலைப் படகில் தீவைப் பார்க்க வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்பது. பெயர்ப் பலகை கிடையாது. இராயப்பு என்ற ஓட்டோக்காரர் வந்தவர்களை ஏற்றிக்கொண்டுபோய்க் குதிரைகள், கோட்டை, பெருக்கு மரம் எல்லாம் காட்டிவிட்டு, வெயில் உச்சிக்கு வந்ததும், "சாப்பிடேல்லையோ?" என்று கேட்டு, இவள் வீட்டுப் படலையடியில் கொண்டுவந்து இறக்குவார். சோறு, நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், ஒரு மரக்கறி. இராயப்புவுக்குக் காய்ச்சல் வந்தால் இவள் அடுப்பு எரியாது. ஒருமுறை அவருக்கு டெங்கு வந்து மூன்று கிழமை படுத்துவிட்டார். மூன்று கிழமையும் இவள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அதனால்தான் டிஜிட்டல் கிராமப் பயிற்சி என்று சொன்னதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பயிற்சி அது. படிப்பித்தவள் வேலணையிலிருந்து படகேறி வந்த கோசலா என்ற பெண். நல்ல பிள்ளை, ஆனால் பேச்சு வேகம். முதல்நாள் கிராமத்து நிர்வாகம்: கைத்தொலைபேசியில் முறைப்பாடு அனுப்புவது, வதிவிடச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, கூட்டத்தில் எடுத்த முடிவைத் தேடிப் பார்ப்பது. இரண்டாம் நாள் சிறுதொழில்: பேஸ்புக்கில் கடைக்கு ஒரு பக்கம் திறப்பது, படம் போடுவது, ஊரைக் குறிப்பது. தையற்காரி, சைக்கிள் திருத்துகிறவர், தயிர் விற்கிறவர்கள், எல்லாரும் வாங்கில்களில் இருந்தார்கள்.

"பேரை இங்கிலீசிலை வையுங்கோ. வெளியிலை இருந்து தேடுற ஆக்கள் அப்பிடித்தான் தேடுவினம்" என்றாள் கோசலா.

மீனலோசனியின் பக்கத்துக்கு டெல்ப்ற் ஹோம் பூட் என்று பெயர் விழுந்தது. அடுத்தது ஊர். டெல்ப்ற் என்று தட்டத் தொடங்கியதுமே கீழே ஒரு பட்டியல் விரிந்தது. எழுத்துகள் எறும்பு மாதிரி இருந்தன.

"எதை அமத்திறது தங்கச்சி?"

"முதல் வாறதை அமத்துங்கோ அக்கா."

அமத்தினாள். எல்லாரும் அமத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து, படித்ததை மறக்கமுதல் ஒருக்கால் செய்து பார்ப்போம் என்று பின்னேரமே உட்கார்ந்தாள். அவளிடம் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, ஒழுங்கையில் தண்ணீர் வராமல் காய்ந்து நிற்கும் குழாய். மற்றது சட்டியோடு நண்டுக் கறி. ஒன்றை முறைப்பாடாகவும் மற்றதைக் கடைப் பக்கத்திலும் போட்டாள். இரண்டும் போய்ச் சேர்ந்ததாகப் பச்சை அடையாளம் வந்தது. நிம்மதியாகத் தேத்தண்ணி வைத்துக் குடித்தாள்.

மறுநாள் பிரதேச சபை அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, உங்கட முறைப்பாடு கிடைச்சது. படத்திலை நண்டுக் கறி கிடக்கு."

"ஓம்."

"நண்டிலை என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லையே. அண்டைக்குப் பிடிச்ச நண்டு."

"அப்ப ஏன் முறைப்பாடு போட்டனீங்கள்?"

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. மன்னிப்புக் கேட்டு, குழாயின் படத்தைத் திரும்ப அனுப்பினாள். கடைப் பக்கத்தில் கிடந்த குழாயை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. எதையாவது அமத்தி எல்லாம் அழிந்துபோய்விடுமோ என்று பயந்து, நண்டையும் பக்கத்தில் போட்டுவிட்டு, குழாயை அப்படியே விட்டாள். பிறகு ஒருநாள் ஒழுங்கைக் குழாயில் தண்ணீர் வந்தது. அது முறைப்பாட்டால் வந்ததா, வரவேண்டிய நேரம் வந்ததா என்று அவளுக்கும் தெரியாது, அயலுக்கும் தெரியாது. முறைப்பாட்டுக்கு மட்டும் இன்னும் 'பரிசீலனையில்' என்றே காட்டியது.

கடைப் பக்கத்துக்கு லைக் விழத் தொடங்கியது. தெரிந்த ஒரு பெயர்கூட அதில் இல்லை. வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்கள். சரி, தீவைப் பார்க்க வரப்போகிறவர்களாக்கும் என்று நினைத்தாள்.

இரண்டு கிழமை கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு. வெளிநாட்டு இலக்கம். அது அவளுக்குப் புதுமை இல்லை. லீவில் ஊருக்கு வந்து நிற்கிறவர்கள் எல்லாம் அப்படித்தான் எடுப்பார்கள்.

"வணக்கம். டெல்ப்ற் ஹோம் பூட்டோ?"

"ஓம், சொல்லுங்கோ."

"தமிழ் ஆக்களெண்டு நண்டுக் கறியைப் பாக்கவே தெரிஞ்சது. நான் குலசிங்கம். நாரந்தனை. நாங்களும் தீவுப் பக்கம்தான் தங்கச்சி."

"அப்பிடியோ, சந்தோசம் அண்ணை."

"பக்கத்திலை ஒரு பைப்பின்ரை படம் போட்டிருக்கிறியள். ஊரிலை எடுத்ததோ?"

"ஊரிலைதான் அண்ணை. எங்கட ஒழுங்கை."

"பாத்தோடனை நினைச்சனான்." அவர் சந்தோசமாகச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாற சனிக்கிழமை மனிசிக்கு ஐம்பதாவது பிறந்தநாள். அவவுக்குச் சொல்லாமல் செய்யிறன். பதினைஞ்சு பேருக்கு மத்தியானச் சாப்பாடு வேணும். நண்டு, கணவாய், எல்லாம் போடுங்கோ. வெள்ளைக்காரரும் வருவினம், உறைப்பை நல்லாக் குறையுங்கோ."

"செய்யலாம் அண்ணை. வீட்டை வந்து சாப்பிடுறியளோ?"

"இல்லை, எடுத்துக்கொண்டு போகவேணும். நாங்கள் பக்கத்திலைதான். பன்னிரண்டு மணிக்கு ஸ்டேசனடிக்குக் கொண்டு வந்து தருவியளோ?"

நெடுந்தீவில் ஸ்டேசன் என்றால் பொலிஸ் ஸ்டேசன். எல்லாருக்கும் தெரிந்த இடம். "தரலாம்" என்றாள்.

"உங்கை பாக்கிங்தான் பெரிய கரைச்சல். அதாலை வாசலுக்கே வந்திடுங்கோ."

"பாக்கிங்குக்கு யோசிக்காதேங்கோ அண்ணை. நான் வடிவாக் கட்டித் தருவன், ஒரு சொட்டும் ஒழுகாது."

"சரி சரி" என்றார் குலசிங்கம். முற்பணம் அனுப்பவோ என்று கேட்டார். தீவுக்காரரிடம் முற்பணம் வாங்குவதா என்று இவள் மறுத்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிய முன்னமே அடுப்பு மூட்டினாள். நண்டை உடைக்க அயல்வீட்டு இராசேஸ்வரியைக் கூப்பிட்டாள். மிளகாய்த்தூளைக் கரண்டியின் நுனியில் எடுத்துப் போட்டபோது இராசேஸ்வரி, "இதென்ன, வருத்தக்காரருக்கோ?" என்று கேட்டாள். பதினைந்து பார்சல்களையும் இரண்டு பெட்டிகளில் அடுக்கி இராயப்புவின் ஓட்டோவில் ஏற்றி, பன்னிரண்டு மணிக்கு முன்பே பொலிஸ் ஸ்டேசன் வாசலில் போய் இறங்கினார்கள்.

ஒருவரும் இல்லை. வெயில் நேரே தலையில் இறங்கியது. எதிரே கடல் முருகைக்கல் அடுக்கிய வேலிக்கு அந்தப்பக்கம் இரண்டு மாடுகள் நின்றன. பன்னிரண்டு தாண்டியதும் உள்ளிருந்து ஒரு பொலிஸ்காரர் வந்தார். தமிழ்ப் பெடியன்.

"என்ன அம்மா, முறைப்பாடோ?"

முறைப்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் அவசரமாகக் கையை ஆட்டினாள். "இல்லைத் தம்பி, ஒருத்தர் வரவேணும். குலசிங்கம் எண்டு. காணேல்லை."

"எப்ப இருந்து காணேல்லை?"

"பன்னிரண்டு மணியிலை இருந்து."

"உங்களுக்கு என்ன உறவு?"

"உறவில்லை. சாப்பாடு சொன்னவர்."

பொலிஸ்காரர் பெட்டிகளைப் பார்த்தார், இராயப்புவைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

மீனலோசனி குலசிங்கத்துக்கு எடுத்தாள். நீண்டநேரம் அடித்த பிறகு நித்திரைக் குரலில் பேசினார்.

"அண்ணை, நான் சாப்பாட்டோடை ஸ்டேசனடியிலை நிக்கிறன்."

"இப்பவோ?" மெதுவாகப் பேசினார். "பன்னிரண்டு மணிக்கெண்டெல்லோ சொன்னனான் தங்கச்சி. இப்பதானே விடிஞ்சது. மனிசி பக்கத்திலை நிக்கிறா, வைக்கிறன்."

தொலைபேசி நின்றுவிட்டது. அவள் வானத்தைப் பார்த்தாள். கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டுதான் பார்க்க முடிந்தது.

"இப்பதானாம் விடிஞ்சது" என்றாள் இராயப்புவிடம்.

"ஆருக்கு?"

"அவருக்கு."

இராயப்பு தலையைச் சொறிந்தார். ராத்திரிப் போட்டது இறங்கவில்லையாக்கும் என்று முதலில் சொன்னார். பிறகு அவருக்கே வேறு யோசனை வந்தது. "பிள்ளை, வெளிநாட்டு ஆளெல்லே. மணிக்கூட்டை மாத்தேல்லைப் போல. இன்னும் அங்கத்தை நேரத்திலைதான் நிக்கிறார். என்ரை தங்கச்சி சுவிசிலை. அவவுக்கும் எங்களுக்கும் இப்ப மூண்டரை மணித்தியாலம் வித்தியாசம். அப்ப பாத்தால், இஞ்சை மூண்டரைக்குத்தான் அவருக்குப் பன்னிரண்டு."

"வந்து இவ்வளவு நாளா மாத்தாமலோ?"

"சில ஆக்கள் அப்பிடித்தான்."

வேறு வழி தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பி, பார்சல்களைப் பிரித்து, கறிகளைச் சூடாக்கி, புது வாழையிலையில் மறுபடி கட்டினாள். இராசேஸ்வரி உதவிக்கு வந்து, காரணம் கேட்டு, விளங்காமல், விளங்கியது மாதிரித் தலையாட்டினாள். மூன்றரைக்குத் திரும்பவும் ஸ்டேசன் வாசல். அதே பொலிஸ்காரர் படியில் நின்று பார்த்தார்.

சொல்லிவைத்த மாதிரித் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, நான் ஸ்டேசனடியிலை நிக்கிறன். உங்களைக் காணேல்லை."

"நானும் ஸ்டேசனடியிலைதான் நிக்கிறன் அண்ணை."

"எந்தப் பக்கம்?"

"வாசலிலை."

"நானும் வாசலிலைதான். மழை தூறுது, கறுப்புக் குடை பிடிச்சிருக்கிறன். தெரியுதோ?"

மீனலோசனி முன்னும் பின்னும் பார்த்தாள். மாடுகள் நின்றன. "மழையோ அண்ணை? இஞ்சை வெயில் கொளுத்துது."

"என்ன விளையாடுறியளோ? அங்கை சனம் காத்துக்கொண்டு நிக்குது." பேச்சை விழுங்கிக்கொண்டு ஏதோ பெரிய இரைச்சல் கேட்டது. அது ஓய்ந்ததும் சொன்னார்: "இப்ப ரெயின் வந்து நிக்குது. அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"ரெயினோ? நீங்கள் எங்கை நிக்கிறியள் அண்ணை?"

"டெல்ப்ற் ரெயில்வே ஸ்டேசனிலை."

"டெல்ப்ற்றிலை ரெயில் இல்லையே."

"நீங்கள் எந்த ஸ்டேசனிலை நிக்கிறியள்?" என்று குலசிங்கம் மெல்லக் கேட்டார்.

"பொலிஸ் ஸ்டேசனிலை."

"பொலிஸிலையோ? என்ன நடந்தது?"

பேச்சு காதில் விழுந்த பொலிஸ்காரர் படியிறங்கி வந்து, தொலைபேசியைக் கையில் வாங்கி, "ஹலோ, நெடுந்தீவுப் பொலிஸ்" என்றார். உடனே தொடர்பு அறுந்துவிட்டது.

இராயப்புதான் முதலில் நூலைப் பிடித்தார். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரைத்தான் இந்தத் தீவுக்கு வைத்தார்கள் என்று கோட்டையடியில் சுற்றுலாக்காரருக்கு ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி அவருக்குப் பாடம். அந்த ஊரில் இன்றைக்கும் ஆட்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் மத்தியானம் பசிக்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. மீனலோசனி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் படியில் உட்கார்ந்தாள். குலசிங்கம் பயந்து வைத்துவிட்டு, சிறிது நேரத்தில் தானே திரும்ப எடுத்தார்.

"நீங்கள் உண்மையா நெடுந்தீவிலையோ?"

"பின்னை எங்கை அண்ணை?"

"நான் ஹொலண்டிலை. பக்கத்திலை டெல்ப்ற், சவுத் ஹொலண்ட் எண்டெல்லோ போட்டுக் கிடக்கு."

"நம்பர் இலங்கை நம்பரெல்லே. பாக்கேல்லையோ?"

"புதுசா வந்த ஆக்கள் கனபேர் பழைய நம்பரோடைதான் இருப்பினம். நான் அப்பிடித்தான் நினைச்சனான்." பெருமூச்சு விட்டார். "பாக்கிங் கரைச்சல் எண்டு சொன்னது காரை விடுறதை. நீங்கள் பார்சல் கட்டுறதை நினைச்சிருக்கிறியள்." பிறகு, "இப்ப பதினைஞ்சு பேருக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

அவளிடம் பதினைந்து பேருக்கான சாப்பாடு சூடாக இருந்தது. அதைச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "குறை நினையாதேங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னாள். காசு அனுப்புகிறேன் என்றார் அவர். சாப்பிடாத சாப்பாட்டுக்கு வேண்டாம் என்றாள்.

பொலிஸில் நான்கு பார்சல் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பின்னேர வேலைக்கு வந்த தாதிமாருக்குக் கொஞ்சம், சந்தியில் நின்றவர்களுக்குக் கொஞ்சம், இராசேஸ்வரி வீட்டுக்கு இரண்டு. சும்மா கிடைத்த சாப்பாட்டைத் தின்றுவிட்டு ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் உறைப்புக் காணாது என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் படலையைச் சாத்திய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. யாரில் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

அடுத்தநாள் அதே இலக்கம். இந்த முறை பெண் குரல்.

"நான் குலசிங்கத்தின்ரை மனிசி, ஞானசவுந்தரி. ஒரு உண்மை தெரியவேணும். இந்த மனிசன் உமக்குச் சாப்பாடு சொன்னவரோ?"

"சொன்னவர் அக்கா."

"பிறந்தநாளை மறந்துபோட்டு, பீற்சா வாங்கிக்கொண்டு வந்து நெடுந்தீவு, பொலிஸ் எண்டு ஏதோ கதை விடுறார். நீர் இவரின்ரை சொந்தக்காரியோ? இப்பிடிச் சொல்லச் சொன்னவரோ?"

மீனலோசனி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஞானசவுந்தரி நம்பவில்லை. கடைசியில் வீடியோவைப் போட்டு, வெட்டைவெளியில் மேய்கிற குதிரைகளைக் காட்டினாள். "குதிரை இஞ்சையும் நிக்குது" என்றாள் ஞானசவுந்தரி. பிறகு வேலியைக் காட்டினாள். சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல், இந்தத் தீவில் மட்டும் காண்பது.

"இந்த மனிசன் உண்மையாவே கதைச்சிருக்குது" என்றாள் ஞானசவுந்தரி. குரல் இளகியிருந்தது. "பாவம், இரவு முழுக்கப் பேசிப்போட்டன்."

அதிலிருந்து கிழமைக்கு ஒருக்கால் எடுக்கிறாள். புருசனைப் பற்றிக் குறை சொல்வாள், கறிக்குப் பக்குவம் கேட்பாள். ஒருநாளும் ஒன்றும் வாங்கியதில்லை. ஞானசவுந்தரியைச் சிநேகிதியாக எடுப்பதா, வாடிக்கைக்காரியாக எடுப்பதா என்று மீனலோசனிக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்த நாளில் அழைப்பு பிந்தினால் தொலைபேசியை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

கோசலாவுக்கு நடந்ததைச் சொன்னபோது முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அக்கா, முதல் வாறதை அமத்தச் சொன்னது நான்தானே?"

"ஓம் தங்கச்சி."

"எல்லாருக்கும் சொன்னனான்."

அடுத்த படகிலேயே வந்தாள். பார்த்தால் தையற்காரி ஹொலண்டில், சைக்கிள் திருத்துகிறவர் ஹொலண்டில், தயிர்க்காரர் அத்தனை பேரும் ஹொலண்டில். சைக்கிள்காரருக்கு வந்து குவிந்திருந்த கேள்விகளுக்கு அளவில்லை. ஒல்லாந்து மொழியில் வந்ததை வாசிக்கத் தெரியாமல், எல்லாவற்றுக்கும் கும்பிடுகிற கைப் படத்தைப் பதிலாகப் போட்டிருந்தார். கோசலா வீடு வீடாகப் போய் எல்லாரையும் நெடுந்தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். மீனலோசனியின் பக்கத்தில் கிடந்த குழாயையும் எடுத்துவிட்டாள்.

ஊர் சரியான பிறகு தொலைபேசி சத்தமே இல்லை. லைக்கும் விழவில்லை. பிழையாக இருந்தபோது நாலு பேர் தேடினார்கள், சரியானதும் ஒருவரும் தேடவில்லையே, இது என்ன கணக்கு என்று கோசலாவிடம் கேட்டாள். கோசலா கொஞ்சம் யோசித்து, "பொறுத்துப் பாப்பம் அக்கா" என்றாள்.

மாரி தொடங்கமுன் ஒரு மத்தியானம், இராயப்பு கூட்டி வராமலே ஒரு குடும்பம் படலையைத் தட்டியது. மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள். புருசன், மனைவி, அவருடைய தாய். சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டார்கள். மீனலோசனி அவசரமாகக் கதிரைகளை இழுத்துப் போட்டாள்.

"பக்கம் பாத்தோ வந்தனீங்கள்?"

"எந்தப் பக்கம்?" என்றார் அந்த மனிதர்.

"என்ரை பக்கம்."

அவர் குழம்பிப்போய் மனைவியைப் பார்த்தார். "கோட்டையப் பாத்திட்டு இந்தப் பக்கமாத்தான் நடந்து வந்தம். கறி மணம் வந்திச்சு" என்றாள் மனைவி.

மீனலோசனி சரி என்று தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போனாள். நண்டுக் கறி அடுப்பில் இருந்தது. உறைப்பு எப்படி வேண்டும் என்று கேட்க மறந்தது நினைவுக்கு வந்து, அகப்பையோடு திரும்பி வாசலுக்கு வந்தாள்.